உரிமம் பெற்ற மனைத் தரகரும் ‘பத்து நிமிடம்’ என்னும் அளவையும்: ஒரு முன்னாய்வு

வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எந்தக் கணத்தில் மனைத் தரகர் ஆகிறார் என்பதை அறிவுலகம் இதுவரை முறையாக ஆராயவில்லை. சட்டத்தின் விடை எளிமையானது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, அச்சட்டத்தின்கீழ் அமைந்த ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான மனைத் திட்டத்தில் விற்றுக்கொடுக்க விரும்புகிறவர் தாமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2017இல் வந்தன. பான் அட்டை, போட்டோ, முகவரிச் சான்று, கட்டணம். பிறகு ஓர் எண். அந்த எண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்து ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கும் டீக்கடை பெஞ்சுக்காரரை இந்தப் பிரிவு தொடுவதில்லை. ஆகவே அவர் ஆய்வின் எல்லைக்கு வெளியே இருக்கிறார். ஆய்வாளருக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் அவர்தான் என்பது வேறு விஷயம்.

எண் வந்தால் தரகர் ஆகிவிடலாம் என்னும் கருத்தை இக்கட்டுரை மறுக்கிறது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரை எடுத்துக்கொள்வோம். விசிட்டிங் கார்டு அச்சாகிவிட்டது. சட்டைப்பையில் பேனா இரண்டிலிருந்து ஒன்றாகிவிட்டது. ஆனால் “பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம் சார்?” என்று பார்ட்டி கேட்டால், “நாலு புள்ளி மூணு கிலோமீட்டர்” என்கிறார். பார்ட்டி திரும்பி வருவதில்லை. வங்கி மேலாளராக இருந்தவர் நிலை இன்னும் பரிதாபம். தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருஷ வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, “இதை வாங்காதீங்க” என்று தம் வாடிக்கையாளருக்கே அறிவுரை சொல்கிறார். ஐ.டி. கம்பெனி அனுப்பிவைத்தவர் எக்செல் போடுகிறார். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முன்னாள் பஸ் கண்டக்டர் மட்டுமே முதல் நாளிலேயே தேறுகிறார். “இதோ வந்துடுச்சு” என்பதை ஆயுள் முழுக்கச் சொல்லிப் பழகிய நாக்கு அது.

இங்கே ‘பத்து நிமிடம்’ பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. கிரவுண்டுக்கு 2400 சதுர அடி, சென்டுக்கு 435.6 சதுர அடி என்று பரப்புக்கு உறுதியான கணக்கு உண்டு. தூரத்துக்கு இல்லை. மனைத் தரகில் தூரம் நிமிடத்தால் அளக்கப்படுகிறது. நிமிடம் எதனாலும் அளக்கப்படுவதில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரி மனையும் பத்து நிமிடம், மதுராந்தகம் மனையும் பத்து நிமிடம், அச்சரப்பாக்கத்திலும் அதே பத்துதான். எங்கிருந்து பத்து என்று கேட்பது நாகரிகமில்லை. இருந்தாலும் அளவையின் தொடக்கப் புள்ளி ஒருமுறை நகர்ந்ததற்குச் சான்று இருக்கிறது. கோயம்பேட்டிலிருந்து எண்ணப்பட்டு வந்த தூரங்கள், 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அங்கிருந்து எண்ணப்படலாயின. திண்டிவனம் இருந்த இடத்திலேயே இருந்தபடி, சென்னைக்குச் சுமார் 30 கிலோமீட்டர் நெருங்கி வந்தது. புவியியலார் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சட்டம் இயற்றியவர்கள் ஓரளவு கவனித்திருக்கிறார்கள். 10ஆம் பிரிவு, தரகர் எழுத்தில் மட்டுமல்ல, வாயால் பொய்யாகச் சொல்வதையும் தடுக்கிறது. மீறினால் 62ஆம் பிரிவுப்படி நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய். மொத்தமாக மனை விலையில் ஐந்து சதவீதம் வரை போகலாம். வழக்கமான கமிஷனோ ஒன்று, மிஞ்சினால் இரண்டு சதவீதம். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்ததும் கணக்கு வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது. மற்றவர்கள் கமிஷனை மட்டும் பார்த்தார்கள்.

தேர்ந்த தரகர், அதாவது நம் முன்னாள் கண்டக்டர், அந்தப் பிரிவை மீறுவதில்லை. ஏ.சி. போட்ட காரில் பார்ட்டியைக் குடும்பத்தோடு ஏற்றுகிறார். வழியில் இட்லி, பொங்கல், வடை. பொங்கல் தன் வேலையைச் செய்கிறது. செங்கல்பட்டு தாண்டும்போது காரில் டிரைவரைத் தவிர யாரும் விழித்திருப்பதில்லை. மனையில், கொடி கட்டிய நுழைவாயிலில் இறங்கியதும் தரகர் எதையும் சொல்வதில்லை, கேட்கிறார்: “நீங்களே சொல்லுங்க சார், எவ்வளவு நேரம் ஆச்சு?”

பார்ட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு, “ஒரு பத்து நிமிஷம் இருக்குமா?” என்கிறார்.

வாங்குகிறவர் சொல்லும் தூரத்துக்கு அபராதம் விதிக்கும் பிரிவு எதுவும் சட்டத்தில் இல்லை. கண்டக்டர் டோக்கன் அட்வான்ஸ் ரசீதை எடுத்து, தம் பதிவு எண்ணை ஒரு இலக்கமும் பிசகாமல் எழுதத் தொடங்குகிறார்.