முதலில் முடிவு, பிறகு ரீடிங்

இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், ரெக்கார்டு நோட்டு எப்படி எழுதினார் என்று கேட்டுப் பாருங்கள். வெட்கப்படாமல் சொல்வார். முதலில் போன வருட சீனியரின் நோட்டை வாங்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் முடிவு என்ன என்று பார்க்க வேண்டும். அந்த முடிவு வரும்படியாக ரீடிங்குகளைப் பின்னாலிருந்து போட்டுக்கொண்டே வர வேண்டும். எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று நடுவில் இரண்டு ரீடிங்கைக் கொஞ்சம் கோணலாகப் போடுகிறவன்தான் வகுப்பிலேயே கெட்டிக்காரன்.

பையன்களைத் திட்டிப் புண்ணியமில்லை. பல கல்லூரிகளின் சோதனைக்கூடத்தில் நீர்மட்டக் கட்டுப்பாட்டுக் கருவி என்று ஒன்று நிற்கும். அக்ரிலிக் தொட்டி, ரோட்டாமீட்டர், ஒரு கண்ட்ரோல் வால்வு. வால்வுக்குக் காற்று வேண்டும், காற்றுக்கு கம்ப்ரஸர் வேண்டும், கம்ப்ரஸர் ரிப்பேர். இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மட்டும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுவார்கள். பத்துப் பேர் சுற்றி நிற்க, ஒருவன் ஒரு குமிழைத் திருகுவான். தொட்டியில் தண்ணீரே இல்லாததால் நீர்மட்டம் அப்பழுக்கில்லாமல் கட்டுப்பட்டிருக்கும்.

இந்தப் படிப்பு வாழ்க்கைக்கு உதவாது என்று சொல்கிறவன் மூடன். இந்த நாட்டு நிர்வாகம் முழுக்க இதே பாடத்திட்டத்தில்தான் ஓடுகிறது. சந்தேகமிருந்தால் தென்காசிக்கு வாருங்கள். குற்றாலத்தை எடுத்துக்கொண்டு, அதே ரெக்கார்டு நோட்டு வடிவத்தில் ஒரு பரிசோதனை எழுதுவோம்.

நோக்கம்

மலையில் மழை பெய்து வெள்ளம் இறங்கும்போது, அருவியில் குளிப்பவர்களை அது வருமுன் கரையேற்றுதல்.

நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. எந்த நோட்டிலும் நோக்கம் மட்டும் சரியாகத்தான் இருக்கும். 2024 மே 17 அன்றும் இதே நோக்கம்தான் இருந்திருக்கும். சாரல் சீசன்கூட இன்னும் பிறக்கவில்லை, கோடை மழைக்காலம். மேற்குத் தொடர்ச்சி மலையோர மாவட்டங்களுக்கு அந்த வாரம் வானிலை மையத்தின் கனமழை எச்சரிக்கையும் இருந்தது. பழைய குற்றாலத்தில் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தது. மேலே பெய்தது கீழே காட்டாறாக இறங்கியது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் விழுந்தடித்து ஓடியதை நாடே செல்போனில் பார்த்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டான். பிணமாகத்தான் கிடைத்தான்.

தேவையான கருவிகள்

விசில் ஒன்று. லத்தி ஒன்று. கயிறு ஒன்று. மைக் ஒன்று. ‘அருவியில் குளிக்கத் தடை’ என்று எழுதிய பலகை ஒன்று. வேண்டாதபோது திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

குற்றாலத்தின் பேரருவியில் ஒரு நிரந்தரக் கருவி உண்டு: பாதுகாப்பு வளைவு. தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. நல்ல கருவிதான். பேட்டரி வேண்டாம், டெண்டர் வேண்டாம், எந்த மழையிலும் கெடாது. ஒரே ஒரு குறை, தண்ணீர் அதைத் தாண்டும் நேரத்தில் அதன் கீழே ஆள் நின்றுகொண்டிருப்பான்.

இவற்றையெல்லாம் விட நுட்பமான கருவி எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரும் நேந்திரம் சிப்ஸ் பொரிக்கிறவரும்தான் அது. தண்ணீர் செம்மண் நிறத்துக்குத் திரும்பினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தால், அருவியின் சத்தம் ஒரு சுதி கூடினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். “ஏ, தண்ணி கலங்குது, ஏறி வாங்க எல்லாரும்!” என்று கத்துவார்கள். ரேஞ்ச் என்ன, துல்லியம் என்ன என்று அந்த அண்ணாச்சியிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் கம்ப்ரஸர் இல்லாமலே வேலை செய்கிறார். அவராலும் முடியாதது ஒன்று உண்டு. கலங்கல் கீழே வந்து சேர்ந்த பிறகுதான் அவர் கண்ணுக்கும் தெரியும்.

தத்துவம்

அமெரிக்கக் கடற்படைக் கப்பலைத் தானாகத் திருப்ப வழி தேடிய நிக்கோலஸ் மினோர்ஸ்கி, 1922-ல் ஒரு கட்டுரை எழுதினார். கை தேர்ந்த சுக்கான்காரன் மூன்று விஷயங்களைப் பார்க்கிறான் என்பது அதன் சாரம். இப்போது எவ்வளவு விலகியிருக்கிறோம்? இதுவரை விலகியதெல்லாம் சேர்ந்து எவ்வளவு? இனி எந்த வேகத்தில் விலகப் போகிறோம்? உலகத்து ஆலைகளில் பெரும்பாலான கட்டுப்பாட்டுக் கருவிகள் இன்றும் நம்பி ஓடுகிற பி.ஐ.டி. இதுதான். நிகழ்காலத்துக்கு பி, கடந்த காலத்துக்கு ஐ, எதிர்காலத்துக்கு டி.

குற்றாலத்தில் பி உண்டு. அது போலீஸ்காரர் ஊதும் விசில். டி-யும் உண்டு, அது சிப்ஸ் கடைக்காரரின் கண். இல்லாதது ஐ. நடந்த தவறுகளையெல்லாம் கூட்டி மனதில் வைத்துக்கொண்டு, கூட்டல் ஏற ஏறக் கையை இறுக்குவதுதான் ஐ-யின் வேலை. நம் நிர்வாகத்தில் ஒவ்வொரு சாவும் முதல் சாவுதான். முந்தைய கூட்டலைப் பூஜ்யமாக்க ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதற்கு நிவாரணத் தொகை என்று பெயர்.

நாலாவதாக ஒன்றும் பாடத்தில் உண்டு: ஃபீட்ஃபார்வர்ட். பாதிப்பு வந்து தாக்கிய பிறகு திருத்துவதை விட்டுவிட்டு, அது புறப்படும் இடத்திலேயே அளந்து முன்கூட்டி அசைவது. இதற்கு இயற்கையே கட்டிக்கொடுத்த சோதனைக்கூடம் குற்றாலம். சிற்றாறு மேலே தேனருவி, அதன் கீழே செண்பகாதேவி, அதற்கும் கீழே பேரருவி என்று படிப்படியாக இறங்குகிறது. செண்பகாதேவியிலிருந்து பேரருவிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். வெள்ளம் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாய்ந்து வந்தாலும் 11 நிமிடம் ஆகும். மேலே ஒரு மழைமானி, ஒரு நீர்மட்ட அளவி; கீழே ஒரு சங்கு. 11 நிமிடத்தில் ஈரத்துணியோடு பாட்டியும் பேரனும் பஸ் ஸ்டாண்டுக்கே போய்விடலாம். பாதி நேரம்தான் கிடைக்கிறது என்றாலும் உயிர் போகாது. முதல் வருட மாணவன் போடும் கணக்கு இது.

செய்முறை

கட்டுப்பாட்டு முறைகளில் கடைநிலையில் இருப்பது ஆன்–ஆஃப். இஸ்திரிப் பெட்டியில் இருக்கிறதே, அது. சூடு கூடினால் அணையும், குறைந்தால் எரியும். குற்றாலம் பற்றிய செய்திகளை ஒரு சீசன் முழுக்கச் சேர்த்து வைத்துப் படியுங்கள். ‘குளிக்கத் தடை.’ ‘தடை நீக்கம்.’ ‘மீண்டும் தடை.’ ‘தடை நீக்கம், சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்.’ அளவி இல்லாத இடத்தில் கட்டுப்பாடு இப்படித்தான் இருக்கும். ஆள் செத்தால் அருவியையே மூடு. கடைக்காரர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டால் திற. மழை நின்று வெயில் அடிக்கும் நாளிலும் தடை இருக்கும். மலையில் மேகம் இறங்கி நிற்கும் நாளிலும் திறந்திருக்கும். தடையை நம்பிப் பழகாத கூட்டம், தடை உண்மையிலேயே தேவைப்படும் நாளில் போலீஸ்காரரிடம் “அஞ்சு நிமிஷம் சார்” என்று கெஞ்சும்.

அட்டவணை

ஆலையில் ஓர் அளவியிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு வரும் மின்னோட்டம் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை. தொட்டி முழுக்க நிறைந்திருந்தால் 20. காலியாக இருந்தால் 4. ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? காலித் தொட்டிக்கும் அறுந்த கம்பிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக. 4 வந்தால் ‘உயிரோடு இருக்கிறேன், சொல்ல ஒன்றுமில்லை’ என்று பொருள். பூஜ்யம் வந்தால் கருவி செத்துவிட்டது, ஓடிப்போய்ப் பார் என்று பொருள்.

நம் அலுவலகங்கள் எல்லாம் பூஜ்யத்தில் தொடங்குபவை. அங்கிருந்து சத்தமே வரவில்லை என்றால் ஊர் நலமாக இருக்கிறதா, கம்பி அறுந்து மாதக்கணக்கில் ஆகிறதா என்று யாருக்கும் தெரியாது. பதிவேட்டில் மட்டும் தினமும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே உட்காரலில் எழுதியிருக்கும். சீனியர் நோட்டைப் பார்த்து ரீடிங் போட்டவன் வளர்ந்து பதிவேடு எழுதுகிறான். வேறென்ன எழுதுவான்?

இதன் விலை என்ன என்று ஊர் ஊராக எழுதி வைத்திருக்கிறது. 1984 டிசம்பரில், விஷவாயு கசிந்த போபால் ஆலையில் தொட்டியின் அழுத்தம் ஏறியது. முள் அதைக் காட்டவும் செய்தது. அந்த ஆலையின் கருவிகள் அடிக்கடி தப்பாகக் காட்டிப் பழகியிருந்ததால், கண்ட முள்ளை நம்பவில்லை. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் தொட்டி கொதித்து 12 பேர் செத்தார்கள். தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே வெப்பம் அளக்கப்பட்டது. நடுவிலும் மேலேயும் அளவி இல்லை என்றது ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழு. அபாயச் சங்கை இயக்க 36 இடங்களில் வசதி இருந்தும் ஓர் இடத்தில்கூட யாரும் இயக்கவில்லை என்றும் சொன்னது. அடியில் ஆறியிருந்ததைப் பார்த்து எல்லாம் நலம் என்று எழுதியிருந்தார்கள்.

கிழக்கே, நம் தாமிரபரணி கடலில் கலக்கும் பக்கத்தில், 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. மழைமானி தன் வேலையைச் செய்தது. மனிதர்கள் செய்த வேலை என்ன? முன்னறிவிப்பு சரியாகத் தந்தீர்களா இல்லையா என்று சென்னையும் டெல்லியும் சண்டை போட்டுக்கொண்டன. வெள்ளம் வடிந்த பிறகும் அந்தச் சண்டை வடியவில்லை.

வைவா

கேள்வி: இதையெல்லாம் செய்ய ஆள் இல்லையா?

பதில்: 1949-ல் குரோம்பேட்டையில் சி. ராஜம் எம்.ஐ.டி.யைத் தொடங்கியபோது முதல் நான்கு பாடப்பிரிவுகளில் ஒன்று கருவித் தொழில்நுட்பம். முக்கால் நூற்றாண்டாக ஆள் தயாராகிக்கொண்டே இருக்கிறார்கள். வளைகுடாவில் எண்ணெய்க் குழாயின் வால்வைத் திருப்பிக்கொண்டிருப்பவர்களில் பாளையங்கோட்டைக்காரரும் உண்டு, கடையநல்லூர்க்காரரும் உண்டு.

கேள்வி: பணம்?

பதில்: மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ரோபோ, சென்சார், ஆட்டோமேஷன் என்று நவீனமாக்க 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போட்டார்கள். நல்ல காரியம். அந்த ஐ.டி.ஐ. பையன்களை ஒரு பருவம் மலையடிவாரத்துக்கு அனுப்பி ஒரு மழைமானியை மாட்டிப் பராமரிக்கச் சொன்னால் அதுவே பாடம், அதுவே பரீட்சை.

கேள்வி: மென்பொருள்?

பதில்: அருவிக்குப் பக்கத்து ஊரில், மத்தளம்பாறையில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கே மென்பொருள் எழுதி அனுப்புகிறார்கள்.

கேள்வி: 2024-க்குப் பிறகு சென்சார், சைரன் என்றெல்லாம் பேச்சு வந்ததே?

பதில்: சார், வைத்தார்களா என்ற கேள்விக்கு ரெக்கார்டு நோட்டில் எப்போதும் ‘ஆம்’ என்றுதான் இருக்கும். இன்று காலை அது வேலை செய்ததா? செய்தது என்று பார்த்தவர் யார்? அவர் பெயர் எங்கே எழுதியிருக்கிறது? ரிப்பன் வெட்டிய கருவிகளுக்கு இந்த நாட்டில் பஞ்சமே கிடையாது. ரிப்பன் வெட்டியதற்கு மறுநாள் அதைத் துடைத்த ஆளைத்தான் யாரும் பார்த்ததில்லை.

வைவா எடுப்பவர் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுவார்.

முடிவு

இந்த ஒரு நோட்டில் மட்டும் முடிவைக் கடைசியில் எழுதுகிறோம்.

அருவிக்கு மேலே மலையில் மூன்று இடங்களில் தானியங்கி மழைமானி. அருவிக்கு மேலே ஓடையில் ஓர் அளவி. சூரிய மின்தகடும் பேட்டரியும் வைத்த சங்கு. வெள்ளம் வரும் நேரத்தில்தான் கரன்ட் போகும் என்பது தென்காசிக் குழந்தைக்கும் தெரியும். தினமும் காலை ஆறு மணிக்கு அந்தச் சங்கை ஒரு முறை ஊத வேண்டும். ஊதாத நாளில் யாரையும் அருவிப் பக்கம் விடக் கூடாது. நுழைவாயிலில், எண்ணெய்க் கடைக்கும் சிப்ஸ் கடைக்கும் நடுவில், ஒரு பலகை. அன்றைய மழை எவ்வளவு, ஓடை மட்டம் எவ்வளவு, எந்தக் கருவி பழுது, பழுதைப் பார்க்க வேண்டியவர் யார் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ‘கருவி பழுது’ என்று எழுதத் துணிகிற அதிகாரிக்குப் பதவி உயர்வு தரலாம். நாட்டில் முதல் நேர்மையான ரீடிங் அவருடையதாக இருக்கும்.

யார் செய்வது என்று கேட்டால் பேரூராட்சி ஊராட்சியைக் காட்டும். ஊராட்சி பொதுப்பணித் துறையைக் காட்டும். பொதுப்பணித் துறை வனத்துறையைக் காட்டும். வனத்துறை காவல் துறையைக் காட்டும். காவல் துறை விசிலைக் காட்டும். இந்த வேலையைச் செய்ய ஒரு டிப்ளமோக்காரரும் ஓர் ஐ.டி.ஐ. பையனும் போதும். செய்யாமல் இருப்பதற்குத்தான் ஐந்து துறைகள் தேவைப்படுகின்றன.