உள்ளே வேற விஷயம் ஓடுது

எங்கள் ஊர் திருவண்ணாமலையின் உலக அரசியல் நிபுணருக்கு வெளியே தெரியும் எதிலும் நம்பிக்கை கிடையாது. அமெரிக்க அதிபர் வரி போட்டார் என்றால், அது வெளியில சொல்றது. ரஷ்யப் படை எல்லை தாண்டியது என்றால், அது வெளியில காட்டறது. இப்படிச் சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கீழே வைப்பார். ஒட்டுக் கேட்க யாராவது இருக்கிறார்களா என்று பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார். யாரும் இல்லையென்று தெரிந்தால் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்: "தம்பி, உள்ளே வேற விஷயம் ஓடுது."

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு முதலில் 25 சதவீதம் போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக இன்னொரு 25, ஆக மொத்தம் 50. திருப்பூர்க்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். பெரியார் சிலைப் பக்கத்து டீக்கடையில் நிபுணர் மட்டும் புதுமாப்பிள்ளைக் களையோடு இருந்தார்.

"எண்ணெயா? அது வெளியில. உள்ளே பாகிஸ்தான். பாகிஸ்தானுக்கு உள்ளே கிரிப்டோ. கிரிப்டோவுக்கு உள்ளே யாரு?"

"யாரு?"

"அதை நான் சொல்லக் கூடாது. உங்களுக்கே புரியணும்."

உரித்துக்கொண்டே போனார். எதிரே நின்ற பெரியார் அடிக்கடி சொல்லும் வெங்காயம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. உரித்து முடித்தால் கையில் ஒன்றும் இருக்காது, கண் மட்டும் எரியும்.

இத்தனை ரகசியமும் அவருக்கு எங்கிருந்து வருகிறது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ராத்திரி வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு யூடியூப் திறக்கும். ஒரு பேட்டியாளர், ஒரு ஓய்வு பெற்ற தூதர், இரண்டு மணி நேரம். சிகாகோ பல்கலைக்கழகத்து ஜான் மியர்ஷைமர், கொலம்பியாவின் ஜெஃப்ரி சாக்ஸ், சிங்கப்பூரின் கிஷோர் மஹ்பூபானி எல்லோரும் இவருக்கு நெருங்கிய வட்டம். மஹ்பூபானியை 'நம்ம கிஷோர்' என்பார். உக்ரைன் சிக்கலுக்கு மேற்கு நாடுகள்தான் காரணம் என்று மியர்ஷைமர் 2014இலேயே எழுதியிருக்கிறாரே என்று ஒருமுறை கேட்டேன். "ஆமாம், அவரும் என் கருத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்" என்றார் பெருந்தன்மையாக.

அவர் தோற்று நான் பார்த்ததில்லை. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் கைகோத்துத் தூக்கிக்கொண்டு நின்றார்கள் அல்லவா? "உள்ளே ஆசிய ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு, தம்பி" என்றார். அடுத்த ஜூனில் கல்வானில் நம் வீரர்கள் இருபது பேர் உயிரை விட்டார்கள். "அன்னிக்கே சொன்னேனே, கையைத் தூக்கினவன் இறக்கித்தானே ஆகணும்" என்றார். 2025இல் தியான்ஜினில் மோடி, ஷி, புதின் மூவரும் சிரித்துப் பேசும் படம் வந்தது. "மாமல்லபுரத்துலயே சொன்னேனா இல்லையா?" சொன்னீர்கள். எல்லாவற்றையும் சொன்னீர்கள்.

பௌர்ணமிக்கு அவரோடு கிரிவலம் போய் வந்தவர்களைக் கேட்டால்தான் 14 கிலோமீட்டர் என்றால் என்னவென்று தெரியும். வாயைத் திறக்காமல் நடக்க வேண்டும், நிறைமாதக் கர்ப்பிணி போல மெல்ல நடக்க வேண்டும் என்பது பெரியவர்கள் வாக்கு. இதில் இரண்டாவதை மட்டும் கறாராகக் கடைப்பிடிப்பார். மெதுவாக நடந்தால்தானே பேச நேரம் கிடைக்கும்? இந்திர லிங்கத்தில் அமெரிக்காவின் சரிவு ஆரம்பிக்கும். அக்னி லிங்கம் தாண்டுவதற்குள் மேற்காசியா பற்றிக்கொள்ளும். நிருதி லிங்கத்தில் நீங்கள் கண்ணை மூடிக் கும்பிட்டால் மரியாதையாகக் காத்திருப்பார். திறந்த நொடியில், "ஆங், எங்க விட்டேன், துருக்கி..." பாதி வழியில் செருப்பில்லாத காலில் கொப்புளம் வந்துவிடும். ஆட்டோவில் திரும்பிவிடலாம் என்று தோன்றும். பௌர்ணமியன்று அந்தச் சாலையில் ஆட்டோ வராது என்பதும் அவருக்குத் தெரியும்.

குபேர லிங்கத்தில்தான் உச்சம். "டாலர் கதை முடிஞ்சுது. 1971ல நிக்சன் தங்கத்தைக் கழட்டி விட்டான் பாருங்க, அன்னிக்கே முடிஞ்சுது. இப்ப பிரிக்ஸ்ல எகிப்து வந்தாச்சு, எத்தியோப்பியா வந்தாச்சு, ஈரான், எமிரேட்ஸ், இந்தோனேஷியா எல்லாம் வந்தாச்சு. இதெல்லாம் வெளியில. உள்ளே தனி நோட்டு ரெடி, தம்பி. எங்க அச்சடிச்சு வச்சிருக்காங்கன்னும் தெரியும்." இவர் மகன் டெக்சாஸில் இருக்கிறான். 1971இல் முடிந்துபோன அதே டாலரில்தான் மாதாமாதம் பணம் வருகிறது. டாலர் ஏறியிருந்தால் அன்று நமக்கும் சேர்த்து டீக்காசு அவரே கொடுப்பார்.

குபேர லிங்கத்தைத் தாண்டினால் இடுக்குப் பிள்ளையார். ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்து வெளியே வர வேண்டிய சந்து. நிபுணர் தொப்பையோடு உள்ளே போனார். பாதியில் அசைவு நின்றுவிட்டது. சிக்கிக்கொண்டார் போலிருக்கிறது என்று பின்னால் நின்றவர்கள் பதறினார்கள். உள்ளிருந்து நிதானமாகக் குரல் வந்தது.

"தம்பி, ஹார்முஸ் ஜலசந்தி அச்சா இதேதான். உலகத்து எண்ணெயில அஞ்சுல ஒரு பங்கு இந்த மாதிரி ஒரு இடுக்கு வழியாத்தான் போகுது. இதுல ஒருத்தன் குறுக்க படுத்துட்டான்னு வையுங்க..."

"யோவ், மொதல்ல நீ எழுந்து போய்யா!" என்று விழுப்புரத்து அம்மாள் ஒருவர் அவர் உள்ளங்காலைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினார். உலக வர்த்தகம் சீரடைந்தது.

செங்கம் சாலைப் பக்கம் அவரை விட்டுவிட்டால் இன்னும் ஆபத்து. ரமணாசிரமத்துக்கு வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் அங்கே இளநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போரை, செய்தியை, சொந்த ஊரை எல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள். நிபுணர் விடமாட்டார். ஒரு ரஷ்யரைப் பிடித்து, "புதின் ஹெல்த் ஹவ்?" என்றார். அந்த மனிதர் புன்னகையோடு சட்டையில் குத்தியிருந்த அட்டையைத் தொட்டுக் காட்டினார். மௌன விரதத்தில் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. நிபுணர் என் பக்கம் திரும்பினார், கண்ணில் வெற்றி. "வாயே திறக்கல, பாத்தீங்களா? உள்ளே வேற விஷயம்."

இப்படிப்பட்ட மனிதரை ஏன் இன்னும் பொறுத்துக்கொள்கிறோம் என்றால் அதற்கு 2022 பிப்ரவரி மாதம் ஒரு காரணம். உக்ரைனுக்கு மருத்துவம் படிக்கப் போன எங்கள் தெருப் பையன் போர் மூண்டதும் கார்கிவில் மாட்டிக்கொண்டான். அவன் அம்மாவுக்குச் சென்னைக்கு மேல் வரைபடம் தெரியாது. டி.வி.யில் குண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நிபுணர் போய்த் தரையில் உட்கார்ந்தார். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பி, தமிழில் பெரிய எழுத்தாக எழுதினார்: கார்கிவ், அங்கிருந்து ரயிலில் லிவிவ், லிவிவிலிருந்து போலந்து எல்லை. அங்கே கூட்டமென்றால் சோப் என்ற ஊர் வழியாக ஹங்கேரி. "இப்ப புள்ள இங்க இருக்கான்மா, அடுத்தது இங்க" என்று ஒவ்வொரு போனுக்கும் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அவருடைய இரண்டு மணி நேர வீடியோக்கள் அத்தனைக்கும் அந்த ஒரு தாளில் கணக்குத் தீர்ந்தது. பையன் ஹங்கேரி வழியாக வந்து சேர்ந்தான். தீபாவளிக்குத் தீபாவளி அந்த வீட்டு அதிரசம் அவருக்குப் போகிறது. எங்களுக்கு இல்லை.

ஆனால் 2024 டிசம்பர் 1 விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஃபெஞ்சல் புயல் மழையில் மலையிலிருந்து மண்ணும் பாறையுமாகச் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் போய்விட்டார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், இவர் பெஞ்சில் உட்கார்ந்து, "மழைன்னு சொல்றது வெளியில. இது வானிலை ஆயுதம். அலாஸ்காவுல ஒரு நிலையம் இருக்கு" என்கிறார். மலைச்சரிவில் ஏன் வீடு கட்டினார்கள், அவர்களுக்கு வேறு எங்கே இடம் இருந்தது, வீடுகள் மேலே மேலே ஏறிப்போனதை இத்தனை வருஷமாக யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? இதில் உள்ளே ஒன்றும் இல்லை. எல்லாம் வெளியேதான் கிடந்தது, டீக்கடையிலிருந்து அண்ணாந்தால் தெரிகிற மலையில். அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச நாள் நான் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

இந்த ஊரில் அவரைத் தவிர்த்துவிட்டு எங்கே போவது? கோயிலுக்குப் போனேன், வல்லாள மகாராஜா கோபுரத்தடியில் இவர் நிற்கிறார். சரி, இவருக்கேற்ற பேச்சாயிற்றே என்று நானே ஆரம்பித்தேன். துவாரசமுத்திரம் டில்லிப் படையிடம் அடிபட்ட பிறகு ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் இந்தத் திருவண்ணாமலையையே தலைநகராக்கிக்கொண்டு ஆண்டார், கடைசியில் மதுரை சுல்தானிடம் பிடிபட்டு உயிரை விட்டார், கோயில் கதையில் பிள்ளையில்லாதவரான அவருக்கு இன்றைக்கும் மாசி மகத்தன்று அண்ணாமலையாரே பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்த் திதி கொடுக்கிறார். டில்லி, கர்நாடகம், மதுரை என்று பேரரசுகள் இடம் மாறியபோது நம் ஊர் நடுவில் இருந்திருக்கிறது, பாருங்கள் என்றேன்.

கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "அது லோக்கல் மேட்டர், தம்பி" என்றார்.

பேசாமல் உள்ளே நடந்தேன். கூடவே வந்தார். கருவறைக்குப் பின்சுவரில் லிங்கோத்பவர். பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர் என்று சண்டை வந்து, அடிமுடி தேடி, முடியைக் கண்டதாகப் பிரம்மா சொன்ன பொய்க்குத் தாழம்பூ சாட்சி சொன்ன கதை நடந்த ஊர் இது. கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். காதோரம் மூச்சுக்காற்று பட்டது.

"தாழம்பூ பொய் சொல்லுச்சுன்றது வெளியில. அதுக்குப் பின்னாடி யாரு இருந்தான்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா?"