மடக்குச் சைக்கிள் மீமாம்சை

எந்தச் சாஸ்திரமானாலும் அதற்குரிய அதிகாரி யார் என்பதை முதலில் நிர்ணயித்துக்கொண்டு, அதன் பிறகே விஷயத்தில் பிரவேசிப்பது நம் முன்னோர் வகுத்த சம்பிரதாயமாதலால், சொற்ப விலையில் ஒரு மடக்குச் சைக்கிளைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்னும் இச்சிறு ஆராய்ச்சியையும் அம்முறைப்படியே தொடங்குவது உசிதம். தினந்தோறும் சைக்கிள் மிதிக்கிறவன் இதற்கு அதிகாரி ஆகான். அவனிடம் மடங்காத சைக்கிள் ஒன்று முன்னமே இருக்கும். ஒருபோதும் மிதியாதவனைப் பற்றிப் பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பலகாரம் முடிந்து, மாவு மில்லுக்குப் போகும்படி வீட்டில் யாரும் ஏவாத சுபவேளையில், மேற்கே பொதிகையின் மேல் மேகம் கவிந்திருப்பதைக் கண்டு, 'ஒரு நடை போய்வந்தால் என்ன?' என்று எவனுக்குத் தோன்றுகிறதோ அவனே உத்தம அதிகாரி. ஆண்டில் எத்தனை தடவை அவனுக்கு அது தோன்றும் என்பது பின்னால் கணக்கிடப்படும்.

இங்கே ஒரு பூர்வபக்ஷம் எழுகிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் வழங்கும் விலையில்லா மிதிவண்டி, அந்தப் பிள்ளை படித்து முடித்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ உத்தியோகம் பார்க்கப் போன பின்பும், புறவாசல் சுவரில் சாய்ந்தபடி, செயினில் துரு ஏறி, கேரியரில் பழஞ்சாக்கைச் சுமந்துகொண்டு நிற்கிறதே. சொற்ப விலைதான் லட்சியமென்றால் விலையே இல்லாததைக் காட்டிலும் சொற்பமானது எது என்று ஆக்ஷேபிக்கிறார்கள். தர்க்கரீதியாக இதற்குச் சமாதானம் இல்லை. ரயில்வே ரீதியாக உண்டு. பிரயாணி இலவசமாகக் கொண்டுபோகக்கூடிய சாமான்களின் கணக்கில் சைக்கிள் சேராது. அதைத் தனியே புக் செய்து சாமான் வண்டியில் ஏற்ற வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டைப் பாசஞ்சரைப் பிடிக்க வந்தவன் அந்தச் சடங்குகளை முடித்து நிமிர்வதற்குள் வண்டி பேட்டையைத் தாண்டியிருக்கும். மடக்குச் சைக்கிளின் ஜன்மகாரணம், நம் பிரதேசத்தைப் பொறுத்தவரை, இது ஒன்றே.

பிற தேசங்களில் காரணங்கள் வேறு. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் பாராசூட் சிப்பாய்களோடு ஆகாயத்திலிருந்து குதிப்பதற்கென்றே பி.எஸ்.ஏ. கம்பெனி ஒரு மடக்குச் சைக்கிளைச் செய்தது. சுமார் 32 பவுண்டு எடை, நடுவே இரண்டு சிறகுத் திருகுகள். அம்பத்தூரில் 1949-இல் பிறந்த டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் வாயிலாக அதே பெயரை நாமும் அறிவோம். எனினும் நாம் குதிக்க வேண்டியது அம்பாசமுத்திரம் பிளாட்பாரத்தில்தான் என்பதால் அந்தச் சரித்திரத்தை இங்கே விரிக்கவில்லை.

இனி அளவு. பெட்டிக்குள் கொண்டுபோகும் டிரங்கு, சூட்கேஸ் முதலியவற்றுக்கு ரயில்வே விதித்திருப்பது நீளம் 100, அகலம் 60, உயரம் 25 சென்டிமீட்டர். லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி என்பவர் 1970-களில் தம் குடியிருப்பு அறையிலேயே உருவாக்கிய பிராம்ப்டன், மடக்குச் சைக்கிள்களுக்குள் மகா அடக்கமானது என்று உலகப் பிரசித்தி பெற்றது. அதுவே மடங்கிய நிலையில் 27 சென்டிமீட்டர் தடிமன் இருக்கிறது. லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து அதை வாங்கியவனும் இவ்விதியின் முன் 2 சென்டிமீட்டர் குற்றவாளியே. பத்தாயிரத்துக்கும் இருபதினாயிரத்துக்கும் இடையில் விற்கும் நம்முடைய ரகமோ 35, 40 வரை போகும். குற்றம் எவ்விதத்திலும் சித்தம் என்றான பிறகு அதைக் குறைந்த செலவில் செய்வதே விவேகம். தவிரவும், விதி பெட்டிகளைப் பேசுகிறதேயன்றி மூட்டைகளைப் பேசவில்லை. துணியுறை போட்டு வாயைக் கட்டிவிட்ட சைக்கிள் பெட்டியா மூட்டையா என்பது டிக்கெட் பரிசோதகரின் அப்போதைய மனோநிலையைப் பொறுத்தது. சகபிரயாணிகளின் விசாரணையோ அதைவிடக் கடினம்.

"ஏன் தம்பி, சைக்கிளு ஒடிஞ்சு போச்சோ?"

"இல்ல அண்ணாச்சி, மடக்கி வச்சிருக்கேன்."

"இரும்புல்லா! மடக்குனா பெறவு நிமிருமா?"

சேரன்மகாதேவி வருகிற வரையில் இதற்கு விடை சொல்லிக்கொண்டிருக்கலாம்.

பெரியவரின் சந்தேகத்தைப் பாமரம் என்று தள்ளிவிடலாகாது. மலிவான மடக்குச் சைக்கிளின் மர்மஸ்தானம் அந்தக் கீலேயாகும். கடையில் சைக்கிளை விரித்து நிறுத்தி, பிடியை இறுக்கி, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஹாண்டில்பாரை முன்னும் பின்னுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். நடுக்கீலிலிருந்தோ ஹாண்டில்பார் தண்டின் அடியிலிருந்தோ 'டக்' என்றொரு சப்தம் எழுமாயின், வர்ணம் எவ்வளவு மனோகரமாயிருப்பினும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நலம். பிடி தானாகத் திறந்துகொள்ளாதபடி தடுக்கும் சிறு கொக்கி ஒன்று உண்டா என்றும் பார்க்கவும். அடுத்தது செயின். பிராம்ப்டனில் அது மடங்கிய இரு சக்கரங்களுக்கு நடுவே ஒளிந்துகொள்கிறது. நடுவில் மடங்கும் மற்றவற்றில் பெரும்பாலும் வெளிப்புறமாகவே தரிசனம் தருகிறது. வெள்ளை வேட்டி உடுத்தவன் வண்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுகையில் எந்தப் பக்கம் தன்மேல் படுகிறது என்பதை மேலைநாட்டு ஆசிரியர்கள் ஒருவரும் ஆராயாமல் விட்டது பெருங்குறை.

சக்கரத்தின் விஷயத்தில் நாம் 20 அங்குலக் கட்சி. 16 அங்குலம் என்று ஒரே பெயரைத் தாங்கியிருப்பினும், பிராம்ப்டனின் டயர் உட்காரும் ரிம் விட்டம் 349 மில்லிமீட்டர், சிறுவர் சைக்கிளினுடையதோ 305. ஒன்றன் டயர் மற்றொன்றில் ஏறாது. வீரவநல்லூரில் முள் குத்திவிட்டால் லண்டனுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? 20 × 1.75 என்றால் சைக்கிள் கடைக்காரர், மேலே மாலைபோல் தொங்கும் டியூப்களில் ஒன்றை, நிமிர்ந்தும் பாராமல் உருவித் தருவார். வால்வு மாத்திரம் மோட்டார் சைக்கிள் வால்வாக இருந்துவிட்டால், காற்றுக்குக் கம்ப்ரஸர் வைத்த பஞ்சர் கடையைத் தேட வேண்டியிருக்கும்.

பெரிய சைக்கிளின் 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீட்டர் ஓடும். 20 அங்குலம் ஒன்றரை மீட்டரே ஓடும். இக்குறையை முன்பல்சக்கரத்தில் பற்களைக் கூட்டித்தான் நேர்செய்ய வேண்டும் என்பதால், மேலப்பாளையம் சந்தையில் மாட்டைப் பிடிக்க வந்தவனைப்போல நாமும் பல்லை எண்ணாமல் விலை பேசலாகாது. முன்னே 44, பின்னே 16 என்றால் ஒரு மிதிக்கு நாலு மீட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். உல்லாசப் பிரயாணத்துக்கு அது போதும். கியர் ஆறு, ஏழு என்று வியாபாரி அடுக்கத் தொடங்கும் இடத்தில்தான் நம் சித்தாந்தம் வெளிப்படுகிறது.

கியர் எதிர்காற்றுக்கும் ஏற்றத்துக்கும் ஏற்பட்ட உபகரணம். ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று, கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றுவது போதாதென்று, மேற்கு நோக்கி மிதிக்கிறவனை நின்ற இடத்திலேயே நிறுத்திவிடும். ஆறு கிழக்கே ஓடுகிறது, காற்றும் கிழக்கே ஓடுகிறது, நிலமும் கிழக்கே சரிகிறது. ரயில் மட்டுமே நம்மை மேற்கே இழுத்துப்போக ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆகவே காலையில் மடக்கி ஏறி, அம்பாசமுத்திரத்தில் இறங்கி விரித்து, ஆற்றைக் கடந்து கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று, பிற்பகல் வெயில் முதுகில் பட, காற்றே தள்ளிக்கொண்டு வர வீடு திரும்புகிறவனுக்குக் கியர் எதற்கு? மடக்குவதும் ஒரே ஒரு தடவை. ஒற்றைக் கியர், எஃகுச் சட்டம், பதினைந்து கிலோ எடை, சப்தமிடாத கீல் என்ற இவ்வளவுக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் தாமிரபருணியில் கரைத்த பெருங்காயம். வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாகும், அப்போது திருச்செந்தூர் வண்டியில் ஸ்ரீவைகுண்டம் போய் அங்கிருந்து மேற்கே மிதிக்கலாமே என்பாருமுளர். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை. மார்கழியில் விடியற்காலை வெண்பொங்கல். அம்மூன்று மாதமும் நம் அதிகாரி வெளியே வரமாட்டான்.

மிச்சமிருப்பது பொருளாதாரம். சாதாரணப் பாசஞ்சர் வண்டியில் அம்பாசமுத்திரத்துக்கும் ஜங்ஷனுக்கும் இடையே உள்ள ஏறக்குறைய 35 கிலோமீட்டருக்குக் குறைந்தபட்சக் கட்டணமாகிய 10 ரூபாயே டிக்கெட். மிதித்துத் திரும்புகிறவன் ஒரு நடையில் மிச்சம் பிடிப்பது அந்தப் பத்து ரூபாய். சைக்கிள் 10,000 என்று வைத்துக்கொண்டால், போட்ட முதல் திரும்ப 1,000 நடை வேண்டும். அதிகாரிக்கு ஆண்டுக்குப் பத்துத் தடவை ஆசை எழும் என்று தாராளமாகவே கொண்டாலும் 100 ஆண்டு ஆகிறது. எனவே இதை வாங்குகிறவன் தனக்காக அன்றிப் பேரன் பெயரிலேயே வாங்குவது முறை. உயில் எழுதும்போது மடக்கிய அளவைக் குறிப்பதா, விரித்த அளவைக் குறிப்பதா என்று பத்திர எழுத்தர் கேட்பார்; அதற்கு ரயில்வே விதியைக் காட்டாமலிருப்பது க்ஷேமம்.