நாலு சில்லும் கவிழ்த்த உரலும்

எங்கள் குடும்ப வாகனம் ஒரு மோட்டார் சைக்கிள். அதில் நான், மனைவி, மகன், மகள் என்று நாலு பேர். ஐந்தாவதாகச் சந்தைப் பை. மகள் பெற்றோல் தாங்கியில் அடக்கமாக இருக்கும் பருவத்தைக் கடந்து, என் நாடியில் தலையால் இடிக்கும் பருவத்துக்கு வந்து இரண்டு வருடமாகிறது. வாழைச்சேனைச் சந்தியில் நிற்கிற பொலிஸ்காரர் எங்களை மறிப்பதில்லை. தூரத்தில் கண்டதும் எண்ணத் தொடங்குவார், மூன்றுக்குப் பிறகு மனம் வராமல் வேறு பக்கம் பார்ப்பார்.

ஆகவே நாலு சில்லு வேண்டும் என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இல்லை. எந்த நாலு சில்லு என்பதில்தான் பிரச்சினை. மனைவி கேட்டது ஒரு சின்னக் கார். நான் கேட்டது ஜீப்.

நியாயமாகப் பார்த்தால் பழியை இந்த நாட்டின் மேல் போடலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் இங்குள்ள கார்களுக்குப் பழம்புளியின் குணம் வந்துவிட்டது: வைக்க வைக்க விலை ஏறும். கதவு திறந்ததும் புது வண்டிகள் வந்தன. வண்டியின் விலையோடு போட்டிபோடும் வரியும் கூடவே வந்தது. மூன்று பேர் கைமாறிய ஒரு சின்னக் காரைப் பார்க்கப் போனேன். பின் இருக்கையில் யாரோ ஒரு பிள்ளை பேனாவால் ஏழாம் வாய்ப்பாடு எழுதி வைத்திருந்தது, அதுவும் பிழையாக. சொந்தக்காரர் சொன்ன விலையைக் கேட்டு வாய்ப்பாடே பரவாயில்லை என்று தோன்றியது.

"இந்தக் காசுக்கு ஒரு ஜீப்பே எடுக்கலாமே" என்று வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருக்கிற மனைவிக்குக் காற்றில் பாதிதான் கேட்கும். அவளுக்குக் கேட்ட பாதி "ஜீப்".

என் கட்சிக்கு ஒரு காரணம் வைத்திருந்தேன், உறுதியான காரணம். மாமியின் சீதன வயல் புலிபாய்ந்தகல் பக்கம் இருக்கிறது. கல்குடாவிலிருந்து பெரிய றோட்டுக்கு ஏறி, தெற்கே போய், கிரானில் மேற்கே திரும்ப வேண்டும். மாரி மழை இறங்கினால் அந்தப் பாதைக்கு மேலால் வெள்ளம் பாயும். கார்த்திகை, மார்கழியில் அங்கே ஆட்கள் தோணியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் கடப்பதைப் பத்திரிகைப் படத்தில் பார்க்காத மட்டக்களப்பான் இல்லை. அந்தத் தண்ணீரை ஒரு ஜீப் கிழித்துக்கொண்டு போகிறது, ஓட்டுகிறவன் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்திருக்கிறான், கரையில் நிற்கிறவர்கள் "அவர் ஆருகா?" என்று கேட்கிறார்கள். நான் கண்ட கனவு இவ்வளவுதான். கனவில் நான் வயலுக்கு ஏன் போகிறேன் என்பது மட்டும் தெளிவில்லை. வயலை நான் செய்வதில்லை, குத்தகைக்காரர் செய்கிறார். அவர் வயலிலேயேதான் இருக்கிறார்.

இந்தக் கனவின் விதை எப்போது விழுந்தது என்றும் எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கல்குடாக் கரையில் வீடுகள் இருந்த இடத்தில் மணல் மட்டும் கிடந்த மாதங்களில், வெள்ளை வெள்ளையாக வாகனங்கள் வந்தன. முன்னால் ஆள் உயரத்துக்கு அன்ரெனா, கதவில் துப்பாக்கியைச் சிவப்புக் கோட்டால் வெட்டிய ஸ்டிக்கர். தகரத்துக்கும் தறப்பாளுக்கும் வரிசையில் நின்ற இளைஞர்களில் நானும் ஒருவன். தகரத்தைப் பார்த்தவர்கள் வீடு கட்டினார்கள். நான் வாகனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனைவி என் காரணத்தை ஒரே இரவில் கொப்பியில் போட்டு முடித்தாள்.

"வருசத்தில எத்தின நாள் வெள்ளம்?"

"ஒரு பத்து நாள் வெச்சுக்கொள்ளு."

"அந்தப் பத்து நாளும் பள்ளிக்கூடம் பூட்டு. உங்கட கந்தோருக்கும் நீங்க போறல்ல. மறுகா எங்க போகப் போறீங்க?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் மற்றப் பக்கத்தைப் புரட்டினாள். மட்டக்களப்பு டவுனுக்குப் போய்வர எழுபது கிலோமீற்றர். பழைய டீசல் ஜீப் லீற்றருக்கு எட்டு ஓடினால் கும்பிட வேண்டும். லீற்றர் 280 ரூபாய் என்று போட்டாலும் ஒரு தடவைக்கு 2,450 ரூபாய். "பஸ்ஸில போய், கோழி புரியாணி சாப்பிட்டு, மிச்சக் காசில புள்ளைகளுக்குச் செருப்பும் வாங்கிட்டு வரலாம்."

நான் 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டை எடுத்துப் போட்டேன். அந்த வருடம் ஜூன் 26ஆம் திகதி டீசல் 460 ரூபாய்க்குப் போனது. ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தது. வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். "நாலு லீற்றருக்காகப் பெற்றோல் செட்டில எவ்வளவு நேரம் நிண்டேன்? ஜீப் இருந்திருந்தா இருபது லீற்றர் கிடைச்சிருக்கும்" என்றேன். அவள் பேனாவை எடுத்தாள். ஜீப்: இருபது தரம் எட்டு, நூற்றறுபது கிலோமீற்றர். மோட்டார் சைக்கிள்: நாலு தரம் நாற்பது, அதுவும் நூற்றறுபது கிலோமீற்றர். பெருக்கிப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன், அரசாங்கம் என் மனைவியைக் கேட்டுத்தான் கோட்டாவைத் தீர்மானித்தது போல இருந்தது.

கணக்கில் தோற்றவன் தொழில்நுட்பத்தில் புகுந்தான். இரண்டு மாதம் இரவில் விழித்திருந்து படித்ததில் எனக்குள் ஒரு அரைப் பொறியியலாளன் உருவானான். குழாய் வாசர் மாற்றத் தெரியாத பொறியியலாளன். லான்ட் ரோவர் 1948இல் வந்தது என்றும், போருக்குப் பின் இரும்பு தட்டுப்பாடாக இருந்ததால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள் என்றும் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். கடற்கரை வீட்டுக்கு இதைவிடப் பொருத்தம் என்ன, துருவே பிடிக்காது. மகன் கேட்டான்: "அடிச்சட்டமும் அலுமினியமா அப்பா?" அடிச்சட்டம் இரும்பு. அலுமினியமும் இரும்பும் உப்புக் காற்றில் ஒட்டியிருந்தால் அந்த இடம் இன்னும் கெதியாக அரிக்கும் என்பது அவனுடைய விஞ்ஞானப் புத்தகத்திலேயே கிட்டத்தட்ட இருந்தது. பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் கெடுக்கிறது.

கடைசியில் அகப்பட்டது ஒரு மிட்சுபிஷி ஜீப். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் உரிமத்தை வாங்கி, ஜப்பான்காரர் 1953 தொடக்கம் 1998 வரை செய்த சாதி. எங்கள் ஆட்களிடம் ஜீப்பின் பெயரைக் கேட்டால் எஞ்சினின் பெயரைத்தான் சொல்வார்கள்: ஃபோர் டி ஆர் ஃபைவ். 2,659 சிசி டீசல். அந்தப் பெயரை உச்சரிக்கும்போது நடுவயதுக்காரர்களுக்குக் குரல் தானாகத் தடிக்கும். பொலன்னறுவைக்காரர் ஒருவருடையது. விலை 35 இலட்சம், பார்த்துப் பேசலாம். இவ்வளவு வயதான வண்டிக்கு லீசிங் தரமாட்டோம் என்று நான் கேட்ட இடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆகவே பேச்செல்லாம் என் சீட்டுக் காசையும் மனைவியின் காப்பையும் நம்பித்தான், இதில் காப்புக்கு இன்னும் விசயம் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதை வெலிக்கந்தை, ஓட்டமாவடி வழியாக ஓட்டிக்கொண்டு வந்தார். ஒழுங்கை முனையில் சத்தம் கேட்டது. பாறையை உரலில் இடிப்பது போன்ற சத்தம். முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த மாமி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, கிணற்றடியால் பின்வளவுக்கு இறங்கிவிட்டார். கூப்பிட்டதும்தான் திரும்பி வந்தார். "ஒண்டுமில்ல மனே, சும்மா" என்றார். 1990இலிருந்து, போர் நாட்களில், காலுக்குப் பழகிய சும்மா அது.

ஜீப் படலைக்குள் நுழையவில்லை. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. நான் கலியாணம் முடித்து இந்த வளவுக்குள் வந்தவன். இங்கே எனக்கென்று இருப்பது ஒரு சாய்மனைக் கதிரையும் மோட்டார் சைக்கிள் நிற்கும் கொட்டிலும். படலைக் கல்லை அரை அடி தள்ளலாமா என்று மனைவியைப் பார்த்தேன். அவள் மாமியைப் பார்த்தாள். மாமி தென்னையைப் பார்த்தார். தென்னை அவருடைய தாய் வைத்தது. ஜீப் ஒழுங்கையிலேயே நின்றது.

நான் கூட்டிவந்த கராஜ் பாஸ், பேச்சில் சிக்கனக்காரர். சாரத்தை மடித்துக் கட்டி அடியில் புகுந்தார். ஒரு சிறிய சுத்தியலால் அடிச்சட்டத்தை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். பின் சில்லுக்குக் கிட்ட வந்ததும், தொப். திரும்பவும் தட்டினார். தொப். உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். கறுவாப் பட்டை மாதிரி மடிந்து உரிந்த துருத் தகடு. குற்றம் ஜீப்பைச் செய்தவனுடையதல்ல, இத்தனை வருட வயதினுடையதும் எங்கோ ஒரு கடற்கரையினுடையதும். பிறகு மகளிடம், "தங்கச்சி, பிரிட்ஜில ஒட்டுற காந்தம் இரிக்கா?" என்று கேட்டார். மகள் பாசிக்குடாவில் வாங்கிய டொல்பின் காந்தத்தைக் கொண்டுவந்தாள். கதவின் மேற்பாதியில் டொல்பின் ஒட்டியது. நடுவில் ஒட்டியது. கீழே வந்ததும் வழுக்கி மணலில் விழுந்தது. அங்கே இரும்பு இல்லை; பட்டி வைத்துத் தேய்த்துப் பெயின்ற் அடித்திருக்கிறது. மகளுக்கு இது நல்ல விளையாட்டாகப் பட்டது. ஜீப்பைச் சுற்றி டொல்பின் நீந்திய இடங்களையும் மூழ்கிய இடங்களையும் அவள் எண்ணிக்கொண்டு வர, சொந்தக்காரர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஃபோர் வீல் வேலை செய்யுமா?" என்று நான் கேட்டேன். நான் படித்த இரண்டு மாதமும் இந்தக் கேள்விக்காகத்தான்.

பாஸ் அடியிலிருந்தே சொன்னார்: "முன் சாஃப்ட் இல்ல சேர்."

எஞ்சினின் பலத்தை முன் சில்லுகளுக்குக் கொண்டுபோகிற தண்டு அது. அது இல்லாவிட்டால் ஜீப்பும் ஒன்றுதான், பின் சில்லில் ஓடுகிற எந்தப் பழைய வேனும் ஒன்றுதான். சொந்தக்காரர் சிரித்தபடி பின் வாங்கின் அடியிலிருந்து ஒரு உரச் சாக்கை இழுத்தார். தண்டு சாக்குக்குள் இருந்தது, பிரேதம் மாதிரி கட்டி. டீசல் மிச்சம் பிடிக்கக் கழற்றி வைத்ததாம். "வேணுமெண்டா போடலாம், ரெண்டு மணித்தியாலம்." பூட்டினாலும் காய்ந்த தார் றோட்டில் அதைப் போட்டு ஓடக்கூடாது, திருப்பத்தில் முன் சில்லும் பின் சில்லும் வேறுவேறு தூரம் உருளும், ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். மணலிலும் சேற்றிலும் மட்டும் போட வேண்டும். போடுவதற்கு முதல் இறங்கி, முன் சில்லு இரண்டின் நடுவிலும் உள்ள பூட்டைக் கையால் திருக வேண்டும். என் கனவில் முழங்கையை வெளியே வைத்திருந்தவன் இப்போது சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்றான்.

பாஸ் எழும்பி மண்ணைத் தட்டினார். கிரான் வெள்ளத்தைப் பற்றியும் அவரிடம் கேட்டுவிட்டேன். "நிக்கிற தண்ணியெண்டா போகலாம். காத்து இழுக்கிற குழாய்க்குள்ள தண்ணி போனா எஞ்சின் கம்பி வளைஞ்சிரும். ஓடுற தண்ணி ரெண்டடிக்கு வந்தா அநேகமான வாகனத்தைத் தூக்கும் சேர். அதுக்கு ஜீப், கார் வித்தியாசம் தெரியாது." இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

என் மனம் தெளிந்துவிட்டது. மனைவி சொன்னதுதான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பதினான்கு வருடத்தில் சொல்லாத வசனம் என்பதால் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்த நேரத்துக்குள் மாமி வந்துவிட்டார்.

"நானும் ஒருக்கா ஏறிப் பாக்கிறன்."

மாமிக்கு முழங்கால் வருத்தம். ஓட்டோவில் ஏறுவதற்கே என் தோள் வேண்டும். ஜீப்பின் படியோ அவருடைய முழங்காலுக்கு மேலே. மனைவியின் முகத்தில் நிம்மதியைக் கண்டேன்: கணக்குக் கொப்பி முடிக்காததை மாமியின் முழங்கால் முடித்துவிடும். மாமி ஒரு கணம் படியைப் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, குசினிக்குப் பின்னால் கிடந்த பழைய மர உரலை உருட்டிவரச் சொன்னார். மில் வந்த பிறகு அதில் யாரும் இடிப்பதில்லை. அதைப் படலையடியில் கவிழ்த்து வைத்து, ஒரு கையில் சீலைத் தலைப்பும் மறு கையில் ஜீப்பின் கம்பியுமாக, ஒரு மூச்சில் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் இறங்கவில்லை. தறப்பாள் கூரையைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியில் கொண்டையைச் சரிபார்த்தார். பிறகு வேலிக்கு மேலால் தன் தங்கச்சியின் வளவைப் பார்த்தார். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வளவு.

"அவள் புது டாங்கி கட்டியிரிக்கிறாள்" என்றார். "எனக்கொருத்தரும் சொல்லல்ல."

"மாமி, இறங்குங்க. இது சரிவராது. அடிச்சட்டம் உக்கிப்போச்சு" என்றேன்.

"உக்கினா ஒட்டலாம்தானே மனே."

"லீற்றருக்கு எட்டுத்தான் ஓடும். எழுபது கிலோமீற்றருக்கு 2,450 ரூபாய்." மனைவியின் கணக்கை ஒரு சதம் பிசகாமல் நான் ஒப்புவித்ததை மனைவியே திறந்த வாயோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமி, புகைப் பரிசோதனையில பாஸாகாது. பாஸாகாட்டி வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கேலாது."

மாமி ஸ்ரியரிங்கைத் தடவினார். "அந்த நாளையில ஜீப் சத்தம் கேட்டா விளக்க நூத்திட்டு ஓடுவம். ஒண்டு நம்மட படலையில சும்மா நிக்கட்டுமே. ஓடத் தேவல்ல."

சொந்தக்காரருக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் எந்த இடத்தில் விலையைக் குறைக்க வேண்டும் என்பது மொழி தெரியாமலே விளங்கும் போல. 32 என்றார். மாமி 25 என்றார். என்னையோ மனைவியையோ ஒருவரும் கேட்கவில்லை. வயலை விற்றால் என்ன என்று மாமி யாரையும் பார்க்காமல் கேட்டபோது, எந்த வயலுக்குப் போகத்தான் நான் ஜீப் கேட்டேன் என்பதைச் சொல்லும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

அன்று பேச்சு 28இல் நின்றது. ஜீப் புகையைக் கக்கிக்கொண்டு பொலன்னறுவைக்குத் திரும்பிவிட்டது. நானும் மனைவியும் இப்போது ஒரே கட்சி. இரவில் மெதுவான குரலில் துருவைப் பற்றிப் பேசுகிறோம். உரல் இன்னும் படலையடியில் கவிழ்ந்தபடியே கிடக்கிறது. நேற்று மோட்டார் சைக்கிளை உள்ளே எடுக்க இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதை நிமிர்த்தப் போனேன். "அது கிடக்கட்டும் மனே" என்று குசினிக்குள் இருந்து சத்தம் வந்தது.