பதினான்காம் வசனத்தோடு நிறுத்துபவர்

தமிழ்ப் புரொட்டஸ்டன்ட் சபைகளில், சிறப்பாகத் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் ஆலயங்களில், எளிதில் இனங்காணத்தக்க ஒரு மாந்தர் வகை உண்டு. விளக்கத்தின் வசதிக்காக இவ்வகையினரை ‘வாக்குத்தத்த வாசகர்’ என்று அழைக்கலாம். வாக்குத்தத்தம் என்பது கடவுள் மனிதருக்கு அளித்ததாக வேதாகமம் கூறும் உறுதிமொழி. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையின் முடிவில், தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஆளுக்கொன்றை எடுப்பதும், அதில் அச்சிட்டிருக்கும் வசனத்தை அவ்வாண்டு முழுவதற்கும் தமக்கென்றே அருளப்பட்டதாகக் கொள்வதும் பல சபைகளில் வழக்கம். எந்த அட்டையை எடுத்தாலும் நல்லதே வரும். ஏனெனில் கடிந்துரைக்கும் வசனங்களை அச்சகத்துக்கு அனுப்பும் முன்னரே யாரோ ஒரு நல்லவர் வடிகட்டிவிடுகிறார். வாக்குத்தத்த வாசகரின் பக்தியில் குறைகூற ஏதுமில்லை. அவர் ஞாயிறு தவறமாட்டார், காணிக்கை தவறமாட்டார், ஆராதனைக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள இருக்கையில் அமர்ந்துவிடுவார். ஆயினும், 66 நூல்களும் 1189 அதிகாரங்களும் கொண்ட வேதாகமத்தை உடைமையாகக் கொண்டிருந்தும், அவர் குடியிருப்பது ஏறத்தாழ முப்பது வசனங்களில் மட்டுமே என்பதுதான் அவரைத் தனி வகையாக்குகிறது.

இதற்குச் சான்று தேடி அவர் மனத்தைத் துருவ வேண்டியதில்லை. அவருடைய வேதாகமத்தை மூடிய நிலையில் பக்கவாட்டில் பார்த்தாலே போதும். ஜிப் வைத்த தோலுறைக்குள் இருக்கும் அந்தப் புத்தகத்தின் ஓரம் 23, 91, 121 ஆகிய சங்கீதங்களின் இடத்திலும், ஏசாயா 41, எரேமியா 29 ஆகிய இடங்களிலும் விரல் பட்டுக் கறுத்திருக்கும். லேவியராகமம் முதல் எண்ணாகமம் வரையுள்ள தாள்களோ கடையில் வாங்கிய அன்றுபோலவே ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அவர் முயலாமல் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாள், நாளுக்கு மூன்று அதிகாரம் என்று உறுதி பூண்டு ஆதியாகமத்தில் புறப்படுவார். அது கதை, விறுவிறுப்பாகச் செல்லும். யாத்திராகமத்தில் செங்கடல் பிளந்து, பத்துக் கட்டளைகள் வந்து சேரும்வரை தடையில்லை. இஸ்ரவேலர் பாலைவனத்தில் வழிபடுவதற்காகச் சுமந்து சென்ற ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, கொளுவி, திரைச்சீலை அளவுகள் தொடங்கியதும் நடை தளரும். ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களையும் யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களையும் முடித்துக்கொண்டு, ஜனவரி 31 அன்று அவர் லேவியராகமத்தின் வாசலை அடைவார். பலிகளின் வகைகள், தோல்நோய்க்கான சோதனைகள், வீட்டுச் சுவரில் படரும் பூசணத்துக்கான விதிகள் ஆகியவற்றை அங்கே கண்டபின், பக்க அடையாளமான சிவப்பு நாடா அவ்விடத்திலேயே அடுத்த டிசம்பர் வரை ஓய்வெடுக்கும். இந்தத் தளர்ச்சியில் அவருக்குப் பெரிய துணை ஒருவர் உண்டு: லண்டனில் சட்டம் பயின்ற காலத்தில் வேதாகமத்தை வாங்கிய காந்தி, ஆதியாகமத்துக்குப் பிந்தைய அதிகாரங்கள் தம்மைத் தூங்கச் செய்தன என்றும், எண்ணாகமம் தமக்குப் பிடிக்கவில்லை என்றும் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். வேறுபாடு இவ்வளவுதான்: காந்தி தூக்கத்தையும் மீறி மீதியைத் தட்டுத்தடுமாறி வாசித்தார், தூங்கியதை அச்சிலும் ஒப்புக்கொண்டார்.

வாக்குத்தத்த வாசகரின் முறையைத் துல்லியமாக அறிய உபாகமம் 28ஆம் அதிகாரமே உரிய இடம். மோசேயின் வாயிலாக இஸ்ரவேலருடன் செய்யப்பட்ட உடன்படிக்கையின் பலன்களைக் கூறும் அந்த அதிகாரத்தில் 68 வசனங்கள் உள்ளன; முதல் 14 வசனங்கள் கீழ்ப்படிந்தால் வரும் ஆசீர்வாதங்களையும், எஞ்சிய 54 வசனங்கள் கீழ்ப்படியாவிட்டால் வரும் சாபங்களையும் அடுக்குகின்றன. அவர் பதினான்காம் வசனத்தின் முற்றுப்புள்ளியில் புத்தகத்தை மூடி, கண்ணையும் மூடி, ஸ்தோத்திரம் சொல்லுவார். இஸ்ரவேலர் பிறருக்குக் கடன் கொடுப்பார்களே அன்றிக் கடன் வாங்கமாட்டார்கள் என்று பொருள்படும் பன்னிரண்டாம் வசனம் அவர் கடையின் கல்லாவுக்கு மேலே சட்டமிட்டுத் தொங்கும். அதே அதிகாரத்தின் 44ஆம் வசனத்தில் கொடுப்பவரும் வாங்குபவரும் இடம் மாறிவிடுவது அந்தச் சட்டத்துக்குள் அடங்குவதில்லை. கடன் கொடுப்பதைத் தெய்வ ஆசி என்று கொண்ட அவர், நூற்றுக்கு மூன்று என்ற வட்டியையும் அந்த ஆசியின் பகுதியாகவே கருதுகிறார். ஏழைக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி வாங்கக்கூடாது என்று யாத்திராகமம் 22ஆம் அதிகாரமும் லேவியராகமம் 25ஆம் அதிகாரமும் தடுப்பதையும், வட்டிக்குப் பணம் கொடாதவனே கடவுளின் கூடாரத்தில் தங்கத் தக்கவன் என்று 15ஆம் சங்கீதம் வரையறுப்பதையும் அவர் கண்டதில்லை. ஞாயிறு பள்ளியில் அவர் மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய 23ஆம் சங்கீதத்தில் ஆறு வசனங்கள். 15ஆம் சங்கீதத்தில் ஐந்துதான். ஆகவே நீளத்தைக் காரணம் காட்டுவதற்கு இடமில்லை.

எரேமியா 29:11 அவருடைய இரண்டாவது கோட்டை. தம் மக்களைப் பற்றிக் கடவுள் கொண்டிருக்கும் எண்ணங்கள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்னும் கருத்துடைய இவ்வசனம், மகனின் விசா விண்ணப்பம் முதல் மகளின் மருத்துவக் கல்லூரி இடம் வரை எல்லாவற்றின் மேலும் வைத்துச் செபிக்கப்படுகிறது. அது நேபுகாத்நேச்சார் மன்னனால் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரி என்பதும், அதற்கு முந்தைய வசனமே திரும்பி வருவதற்கு எழுபது ஆண்டுகள் ஆகும் என்று அறிவிப்பதும், ஆகவே அக்கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்நிய மண்ணிலேயே அடக்கமாகியிருப்பர் என்பதும் விண்ணப்பப் படிவத்தில் குறிக்கப்படுவதில்லை. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், அந்த நகரத்தின் நலனுக்காகவும் மன்றாடுங்கள் என்பதுதான் அக்கடிதத்தின் நடைமுறை அறிவுரை. இன்னும் சுவையான செய்தி முந்தைய அதிகாரத்தில் உள்ளது. அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டுகளில் அனைத்தும் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் அறிவித்தான்; அவன் மக்களைப் பொய்யை நம்பச் செய்கிறான் என்று எரேமியா கண்டித்தார்; அவன் அவ்வாண்டிலேயே இறந்தான். வாக்குத்தத்த வாசகர் எரேமியாவின் வசனத்தை வைத்துக்கொண்டு அனனியாவின் கால அட்டவணையை எதிர்பார்க்கிறார்.

புதுக்கடைத் திறப்பு விழா அழைப்பிதழ்களில் காணப்படும் யோபு 8:7 இவற்றினும் நுட்பமானது. தொடக்கம் சிறிதாயினும் முடிவு பெரிதாகும் என்னும் பொருள்படும் அந்த உறுதியை அளித்தவர் கடவுள் அல்லர். யோபுவின் நண்பரான பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்து, உடலெங்கும் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால் மாண்டார்கள் போலும், நீ நேர்மையானவனாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இடித்துரைக்கும் பேச்சின் நடுவில் அவ்வாக்கியம் வருகிறது. நூலின் இறுதி அதிகாரத்தில் இந்த நண்பர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கடவுளே சினந்துகொள்கிறார். எட்டாம் அதிகாரத்தில் நிற்பவருக்கு நாற்பத்திரண்டாம் அதிகாரத்தின் தீர்ப்பு எட்டுவதற்கு வழியில்லை.

இவ்வாறு அக்கம்பக்கத்து வசனங்களைச் சுட்டிக்காட்டும் இளைஞர் எவரேனும் சபையில் இருந்தால், அவருக்கென ஒரு விடை ஆயத்தமாக உள்ளது: “அதெல்லாம் நியாயப்பிரமாண காலம், தம்பி, நாம கிருபையின் காலத்துல இருக்கோம்.” மோசேயின் சட்டத்தொகுதிக்கு உட்பட்டிருந்த காலம் நியாயப்பிரமாண காலம் என்றும், கிறிஸ்துவுக்குப் பிந்தைய காலம் கிருபையின் காலம் என்றும் பிரிப்பது இறையியலில் மதிப்புள்ள கொள்கைதான். அவர் கையில் அது ஒருவழிச் சாலையாகிவிடுகிறது. வட்டித் தடை பழைய காலத்தோடு போய்விடுகிறது. உபாகமத்தின் பதினான்கு ஆசீர்வாத வசனங்கள் மட்டும் எல்லை தாண்டி இந்தக் காலத்துக்கு வந்துவிடுகின்றன. வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகிய தசமபாகத்தைக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்னும் மல்கியா 3:10 வருகிறது. அதற்கு ஐந்து வசனங்கள் முன்னால், கூலிக்காரரின் கூலியிலும் விதவையிடத்திலும் அநியாயம் செய்பவருக்கு எதிராகக் கடவுளே சாட்சியாக நிற்பார் என்னும் எச்சரிக்கை வருவதில்லை.

திருமணப் பேச்சு எழுந்தால் இம்முறை உச்சத்தை அடைகிறது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் எபேசியர் 5:22 அவர் வாயிலிருந்து கம்பீரமாக ஒலிக்கும். ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்று அனைவரையும் பார்த்துச் சொல்லும் 21ஆம் வசனமும், மனைவிக்காகத் தன்னையே ஒப்புக்கொடுக்கும் அளவுக்குக் கணவன் அன்பு செலுத்த வேண்டும் என்னும் 25ஆம் வசனமும் அத்தனை உரக்க ஒலிப்பதில்லை. மகனுக்கு நகையும் காரும் ரொக்கமும் பேசி முடிக்கும் இவர், வேதாகமத்தில் மாப்பிள்ளை வீட்டாரே பெண் வீட்டாருக்குப் பரிசம் கொடுத்தனர் என்பதையும், ராகேலுக்காக யாக்கோபு மாமனார் லாபானின் ஆட்டுமந்தையை மொத்தம் பதினான்கு ஆண்டுகள் மேய்த்தான் என்பதையும் சம்பந்திமுன் நினைவுகூர்ந்ததாகச் சான்றில்லை. ஆண்பிள்ளை இல்லாத செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் தந்தையின் நிலத்தில் பங்கு கேட்டு மோசேயின்முன் வந்து நின்றதும், அவர்கள் கேட்பது நியாயம் என்று கடவுளே தீர்ப்பளித்ததும் எண்ணாகமம் 27இல் உள்ளன. திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ மகள்களோ, 1916ஆம் ஆண்டின் வாரிசுச் சட்டம் தங்களைச் சகோதரர்களுக்குச் சமமாக நடத்தாததால், மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளிக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது. எண்ணாகமத்தின் தாள்கள் ஏன் ஒட்டியே இருக்கின்றன என்பதற்குத் தூக்கம் ஒன்றே காரணமாக இராது.

இவ்வழக்கத்தின் மரபு நெடியது. கி.பி. 144 அளவில் ரோமைச் சபையிலிருந்து விலக்கப்பட்ட மார்சியோன் பழைய ஏற்பாடு முழுவதையும் தள்ளிவிட்டு, சுருக்கப்பட்ட லூக்காவையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். வசனங்களுக்கு எண்ணிடும் முறையை அச்சாளர் ராபர்ட் எஸ்தியேன் 1551இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் புகுத்தியபின், தொடர்ந்து ஓடிய உரை துண்டு துண்டாகக் கையாளத்தக்கதாயிற்று. ஜெர்மனியின் எர்ன்ஹூட் ஊரில் மொரேவிய சகோதரர்கள் நாளுக்கொரு வசனம் என்னும் தொகுப்பை 1731 முதல் அச்சிட்டனர். அவர்களில் சிலர் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்தனர். இவை பக்தியின் பயன்பாடுகள். ஆயினும் கத்தரிக்கோல் எப்போதும் அத்தனை அப்பாவியானதன்று. மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்கென லண்டனில் 1807இல் அச்சான ‘தேர்ந்தெடுத்த பகுதிகள்’ என்னும் வேதாகமத்தில், அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பின் கதை இருந்தது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் வெளியேறிய வரலாறு இல்லை. அதைத் தொகுத்தவர்கள் முழுவதையும் கவனமாக வாசித்திருந்தனர் என்பதே அதில் கொடுமை. அமெரிக்க முன்னாள் அதிபர் தாமஸ் ஜெபர்சன் 1820 அளவில் சுவிசேஷங்களிலிருந்து அற்புதங்களைக் கத்தியால் வெட்டி நீக்கி எஞ்சியதை ஒட்டி வைத்துக்கொண்டார். அவரேனும் தாம் வெட்டியதை அறிந்திருந்தார். வாக்குத்தத்த வாசகர் வெட்டுவதே இல்லை, வெறுமனே திருப்பாமல் விட்டுவிடுகிறார்.

அவருக்கு எதிர்வீட்டில் பெரும்பாலும் அவருடைய இரட்டைப் பிறவி வசிக்கிறார்: மதம் அனைத்தும் மடமை என்று வாதிடும் ஓய்வுபெற்ற ஆசிரியர். எலிசாவைக் கேலி செய்த நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கரடிகள் பீறிப்போட்ட நிகழ்ச்சியும், கானானியரை அழிக்குமாறு இடப்பட்ட ஆணையும், யெப்தா தன் மகளைப் பலியிட்ட கதையும் அவருக்கு அத்துப்படி. இவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள்தாம். பக்தர்கள் பதில் தேடாமல் விட்டதால் அவருக்கு வேலை எளிதாகிவிட்டது. ஆனால், அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்னும் சட்டமோ, ஆமோஸின் நீதிக்குரலோ அவருடைய குறிப்பேட்டில் இல்லை. இருவரும் ஒரே முறையைத்தான் கையாளுகின்றனர். ஒருவர் மஞ்சள் மையாலும் மற்றவர் சிவப்பு மையாலும் கோடிடுகின்றனர். மொத்தத்தில் இருவருமாகச் சேர்ந்து வாசித்திருப்பது அறுபது வசனங்கள் தேறும்.

வசனத்தைப் பாதியில் நிறுத்தும் கலையை வேதாகமமே ஓரிடத்தில் படம்பிடித்துள்ளது. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்க வந்த சாத்தான், தூதர்கள் காத்துத் தாங்குவார்கள் என்னும் வாக்குத்தத்தத்தை, வாசகருக்கு மிகவும் உவப்பான அதே 91ஆம் சங்கீதத்தின் 11, 12ஆம் வசனங்களிலிருந்து எடுத்துக்காட்டுகிறான். பாம்பை மிதித்துப் போடுவதைப் பேசும் பதின்மூன்றாம் வசனத்துக்கு முன்னால் நிறுத்திக்கொள்கிறான். இயேசு மறுமொழியாக உபாகமத்திலிருந்து வேறொரு வசனத்தைச் சொல்கிறார்; அதாவது, வசனத்துக்குரிய மருந்து மற்றொரு வசனமாகவே இருக்கிறது. யோசுவா 8ஆம் அதிகாரத்தின்படி, ஏபால் மலையருகே ஆசீர்வாதமும் சாபமுமாகிய சட்டம் முழுவதும், ஒரு சொல்லும் விடாமல், பெண்கள், குழந்தைகள், அந்நியர் உட்பட அனைவர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது. ஏழாண்டுக்கு ஒருமுறை அவ்வாறு வாசிக்க வேண்டும் என்பது உபாகமம் 31ஆம் அதிகாரத்தின் ஏற்பாடு.

பிறனைத் தன்னைப்போல் நேசிக்க வேண்டும் என்னும் கட்டளை வாக்குத்தத்த வாசகருக்கும் மிகப் பிடித்தமானது. அவர் வீட்டுச் சுவரிலும் அது உண்டு. இயேசு அதை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டால் மலைப்பிரசங்கத்தை நோக்கிக் கைகாட்டுவார். அது உள்ள இடம் லேவியராகமம் 19:18. கூலிக்காரனின் கூலியை மறுநாள் காலைவரை வைத்திருக்கக் கூடாது என்னும் சட்டத்துக்கு ஐந்து வசனங்கள் பின்னால், பரதேசியையும் அவ்வாறே நேசிக்க வேண்டும் என்னும் சட்டத்துக்குப் பதினாறு வசனங்கள் முன்னால். சிவப்பு நாடா கிடக்கும் இடத்திலிருந்து அது தொலைவில் இல்லை. லேவியராகமத்தில் இருப்பவை 27 அதிகாரங்கள்தாம். நாளுக்கு மூன்றாக வாசித்தால் ஒன்பது நாளில் முடிந்துவிடும்.