விரல் ஒருவருக்கு, கையேடு இன்னொருவருக்கு

வலங்கைமானில் பங்குனித் திருவிழாவின்போது உயிரோடு இருப்பவர்களே பாடையில் படுத்து நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். இழப்பீட்டுச் சட்டத்தைக் கரைத்துக் குடித்த யாரோதான் இதைத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் பாருங்கள். தொழிலாளி போதையில் இருந்ததாலோ, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியதாலோ காயம் பட்டால் முதலாளி பொறுப்பல்ல. ஆனால் ஆள் செத்துவிட்டால், அல்லது நிரந்தரமாக முழுக்க முடங்கிவிட்டால், அந்தச் சாக்கு செல்லாது. இரண்டு விரல் போனால் குற்றவாளி. உயிரே போனால் நிரபராதி!

அந்த மூடி கழலும் கதையைக் கேளுங்கள். கதிரடிக்கும் இயந்திரத்தில் கட்டைத் திணிக்கும் வாயருகே ஒரு தகர மூடி இருக்கும். ஈர வைக்கோல் அடைக்கிறது என்று முதல் நாளே அதைக் கழற்றி டீ வாளிக்கு மூடியாக்கிவிடுவார்கள். “சீக்கிரம் தள்ளுப்பா, மழை வருது” என்று விரட்டியவர் யாரென்று வழக்கில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

சரி, இயந்திரம் செய்தவரைப் பிடிக்கலாமென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. வேலையிடத்துக்கென்று முதலாளி வாங்கிய பொருளா? எச்சரிக்கையை அவரிடம் கொடுத்தாலே தயாரிப்பாளரின் கடமை தீர்ந்தது. கையேடு பத்திரமாகத்தான் இருக்கிறது, பீரோவில், பாலிதீன் உறை பிரிக்காமல். வெளிப்படையாகத் தெரிகிற ஆபத்துக்கு எச்சரிக்கையே வேண்டாமாம். வலங்கைமானோ வெடிக்குப் பேர்போன ஊர். வெடி வெடிக்கும் என்பது இங்கே யாருக்குத்தான் தெரியாது?