விடை 'சி'

மாண்புமிகு மனிதவளத் துறை சமூகத்துக்கு,

நேற்றைய அப்ரைசலில், "ஜாவா சர்டிபிகேட் இல்லாதவரை சீனியர் ஆக்க பாலிசியில் இடமில்லை" என்று அருளினீர்கள். இத்தனை வருஷம் ஜாவாவில் சோறு தின்றவனுக்கு ஜாவா தெரியுமா என்ற சந்தேகம் இப்போதாவது வந்ததே, மகிழ்ச்சி.

எனக்குப் பதிலாக உயர்ந்த தம்பிக்கு வாழ்த்துகள். ஜாவா எஸ்இ 17 தேர்வில் 90 நிமிடம், 50 கேள்வி; 68 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தம்பி கேள்வி-பதில் டம்ப்ஸை நெட்டுருப் போட்டவர். கேள்வியைப் பாதி வாசிக்கும்போதே 'சி' என்பார். என்ன ஞானம்!

போன வாரம் பில்லிங் படுத்துக்கொண்டது தங்கள் திருச்செவிக்கு எட்டியிருக்கும். கைங்கர்யம் தம்பியுடையது. இரண்டு இன்டிஜர் ஆப்ஜெக்டுகளை இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டிருந்தார். அது மதிப்பைப் பார்க்காது, இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் பார்க்கும். மைனஸ் 128 முதல் 127 வரை ஜாவா கேஷில் இருக்கும் ஒரே ஆப்ஜெக்டைத்தான் எடுத்துக் கொடுக்கும். டெஸ்டிங்கில் எல்லாம் சின்ன எண்கள், எல்லாம் பாஸ். புரொடக்‌ஷனில் 128 வந்ததும் வாடிக்கையாளரின் எண் அவருடைய எண்ணோடேயே பொருந்தவில்லை. 'ஈக்வல்ஸ்' போட்டேன், ஓடியது.

ஜாவா தேர்வுக்குப் படிக்கிற பலரும் சந்திக்கிற கேள்வி இது. தம்பியும் படித்தவர்தான். விடை 'சி'. ஆனால் கோடில் ஏ, பி, சி என்று போட்டிருக்கவில்லையே, பாவம், அவர் என்ன செய்வார்?

நடுராத்திரியில் கிளையண்ட் கத்தியபோது சர்டிபிகேட்டுக்கா போன் போட்டீர்கள்? எனக்குத்தானே போட்டீர்கள்! புரொபோசலில் காட்டவும் பார்ட்னர் அந்தஸ்து வாங்கவும் உங்களுக்குச் சர்டிபிகேட் வாங்கியவர்களின் தலைக்கணக்கு வேண்டும். வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திறமை என்று பெயர் சூட்டி என் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

மன்னிக்க வேண்டும், நாக்கு தடித்துவிட்டது. தங்கள் கருணைக்கு ஈடு உண்டா? (உண்டு என்றால், விடை 'சி'.)

புதிதாக வருகிறவர் முறையாகப் படித்துத் தேர்வு எழுதினால் மொழியின் மூலைமுடுக்கெல்லாம் பழகும். அதை நான் மறுக்கவில்லை. சிறு விண்ணப்பம் மட்டும்: அடுத்த முறை ஒருவரை உயர்த்துமுன், ஓடாத கோட் ஒன்றை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, சரிசெய்வதைப் பாருங்கள். ஒரு மணி நேரம் போதும். தேர்வுக் கட்டணமும் மிச்சம்.

இப்படிக்கு,
சர்டிபிகேட் இல்லாத, போன் எடுக்கிற ஊழியன்